நாற்பது விநாடிச் சங்கீதம்

1979-இல் சிட்னி நகரத்தில் பிறந்த ஃபேர்லைட் என்னும் யந்திரம், எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அதையே ஸ்வரமாக வாசிக்கும் வித்தையை உலகுக்குக் காட்டியபோது, அந்தச் சுகத்தை அனுபவிக்க ஒரு வீட்டையே விற்க வேண்டியிருந்தது. 2018-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டீனேஜ் எஞ்ஜினியரிங் கம்பெனியார் வெளியிட்ட, அதே வித்தை தெரிந்த பி.ஓ.-33 சாம்ப்ளரோ, சட்டை கழற்றிய கால்குலேட்டரைப் போல், இரண்டு பென்சில் பாட்டரிகளின் தயவில் பாக்கெட்டிலேயே குடித்தனம் நடத்துகிறது. மானத்தை மறைக்க உறை வேண்டுமானால், அதற்குத் தனிக் காசு.

ஞாபகசக்தி மொத்தம் 40 விநாடி. இதைக் குறையென்று சொல்லிவிட்டால் ரசிக சிகாமணிகளுக்குக் கோபம் வரும். 1987-இல் வந்த எஸ்.பி.-1200 சாம்ப்ளர், சுமார் 10 விநாடி ஞாபகத்தை வைத்துக்கொண்டே ஹிப்-ஹாப் சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போடவில்லையா என்று சரித்திரப் பிரமாணம் காட்டுவார்கள். அந்தப் பிரமாணத்தை நம்பி வாங்கிய மகானுபாவர், முதல் நாள் சாயங்காலம் வாணலியைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்து, அதை ஸ்தாயி ஏற்றியும் இறக்கியும் தலைகீழாக ஓடவிட்டும் வீட்டாரைப் பரவசப்படுத்திய பிறகு, துணைக்கு அதே வம்சத்தில் இன்னொன்றும், இரண்டையும் பிணைக்க ஒரு கேபிளும், அதற்கொரு மிக்ஸரும் வாங்குகிறார். பாட்டு இன்னும் பிரசவமாகவில்லை. மலிவுச் சாமான்களின் கூட்டுத்தொகை மட்டும் ஒரு நல்ல பியானோவின் விலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.