மதுக்கடை இல்லாத ஊரில் பொங்கும் மாவு

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் கலந்து வீட்டிலேயே பீர் தயாரிப்பது மேலைநாட்டாரின் பொழுதுபோக்குகளுள் ஒன்று. அவர்கள் பெரிதும் அஞ்சுவது, நொதித்தல் அளவு மீறி, நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு கூரையில் போய்ப் படியும் இரவையே. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள கடலோர ஊரான காயல்பட்டினத்துக்கு அந்த அச்சம் இல்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தடுப்பதற்கு முன்பே ஊர் வழக்கம் தடுத்துவிடும். மதுக்கடை இல்லை என்பது அவ்வூராரின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் நுண்ணுயிர்கள் சட்டமும் அறியா, ஊர்ப் பெருமையும் அறியா. ஆகவே பீருக்கு மறுக்கப்பட்ட பொங்கல் முழுவதையும் அவை தோசை மாவில் நிகழ்த்திக் காட்டுகின்றன.

நொதித்தல் என்பது நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலம், ஆல்கஹால், கரியமில வாயு ஆகியவற்றை வெளிவிடும் செயல். மாவில் இதை முன்னின்று நடத்துவது லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. அது விடும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு வெளியேறவிடாமல் பிடித்துவைப்பதால் மாவு உப்புகிறது. ஏல் வகைப் பீருக்கு 20 பாகை செல்சியஸ் அளவிலான குளிர்ச்சி போதும் என்பர். சித்திரை மாதத்துக் கடலோர இரவு அத்தகைய குளிர்ச்சியைக் கனவிலும் தராது. முந்திய மாலை கழுத்துவரை ஊற்றிவைத்த எவர்சில்வர் தூக்கு, விடியலில் மூடியைத் தலைமேல் தூக்கி நிற்கும். மேடையில் வழிந்து பொருக்குத் தட்டிய மாவை எறும்புகள் சாரை பிடித்துச் சுற்றியிருக்கும். மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்கும் வழக்கமுள்ள ஊராதலால், இங்கே மாமியார் மருமகளை விசாரிக்க வழியில்லை. மகளை உம்மா கடிந்துகொள்வதோடு, மிச்சக் குற்றம் வெயிலின் தலையில் ஏறும்.

பீர் தயாரிப்போர் கலத்தில் கால்பங்கு இடம் விட்டு, தடித்த குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையை நீர்ப்பாத்திரத்தில் அமிழ்த்தி நுரைக்கு வழிகாட்டுவர். சமையற்கட்டோ பாத்திரத்தின் அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டு உறங்கச் செல்கிறது. செலவைக் கருதினால் இதுவே மேலான பொறியியல். பீருக்கு மாவு பட்ட கடன் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாவின் புளிப்பை அளக்க உதவும் பிஹெச் அளவுகோலை 1909இல் வகுத்தவர் சோரன்சன்; அவர் பணியாற்றிய இடம் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடிச் செம்மணல் தேரிப் பனைகளில் விளையாட்டு இன்னும் தீவிரமானது. சீவிய பாளையிலிருந்து சொட்டும் சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டால் மரத்தின் உச்சியிலேயே நொதிக்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதன் காரத்தன்மை ஈஸ்டை ஒடுக்கிப் பதனியாகவே காக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலவுவதால், பனையேறியின் தொழிலுக்கும் காவல்துறையின் தொழிலுக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு மட்டுமே. சுண்ணாம்பு கூடினால் நாக்கு பொத்துப்போகும்; குறைந்தால் பனையேறி வழக்குக்கு அலைய வேண்டும். மிதமாகத் தடவிய பதனியும் நெடுநேரம் பொறுக்காது: இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் வெயிலோடு பயணம் செய்தால், அது வயிறு பருத்து, திறந்தவரின் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்துவிடும்.

எனவே கோடையில் மாவைப் பாத்திரத்தின் பாதிக்குமேல் ஊற்றாதிருப்பதும், பொங்கியதும் பிரிட்ஜில் வைத்துவிடுவதும் நலம். பதனி வாங்குவோர் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வீடு சேர்ந்து, அன்றே குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.