காடிக்குச் சவுண்ட் வைத்த கதை

எண்பதுகளில் ஜொகூரில் காடிக்குப் பாட்டு வைத்தவர்கள் யாரும் தங்களுக்காக வைக்கவில்லை. உலு திராமில் எங்கள் வரிசை வீடுகளின் முனையில் திரும்பும்போதே, வருவது யார் காடி என்று அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் வைத்தார்கள். ஜன்னல் நான்கும் இறங்கியிருக்கும். ஏர்கோன் உள்ள காடியிலும் இறங்கியிருக்கும். பாட்டை மூடிய கண்ணாடிக்குள் வைத்துக்கொள்பவனைக் கஞ்சன் என்று நினைத்த காலம் அது.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. எஞ்சின் மிட்சுபிஷியுடையது, உருவமும் மிட்சுபிஷி லான்சருடையது. பெருமை மட்டும் முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு. என் கைக்கு வந்தது சில ஆண்டுகள் ஓடிய 1.3. அந்த விலைக் காடிகளில் கம்பெனி வைத்துக் கொடுக்கும் ரேடியோவும் காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களும் எதற்கென்றால், செய்தி கேட்க. விலைவாசி ஏறியதைச் சொல்ல அது தாராளமாகப் போதும். இளையராஜாவுக்குப் போதாது.

நல்ல சாமான் வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போக வேண்டும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மாடி மாடியாகக் கடைகள். பயனியர், கென்வுட், கிளாரியன் எல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. 85 வாக்கில்கூட ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நாம் ஒன்றேகால் வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போவது சுலபம், திரும்புவதுதான் கலை. என் மாமா அதில் விற்பன்னர். அட்டைப்பெட்டியைக் கடையிலேயே கிழித்துப் போட்டுவிடுவார். பிளேயரைக் கைலியில் சுருட்டி, மேலே பேரங்காடியில் வாங்கிய பிஸ்கட் டின்னை வைத்து, கஸ்டம்ஸில் கேட்டால் "பழசுங்க, ரிப்பேருக்குக் கொண்டு போனேன்" என்பார். அதை நம்ப வைப்பதற்காக முன்பக்கத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிய நாளும் உண்டு.

பொருத்தியவர் ஒரு சீனத் தவுக்கே. அளவெடுப்பது, படம் போடுவது எதுவும் கிடையாது. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் ரம்பத்தை இறக்கி இரண்டு முட்டை வடிவ ஓட்டை போட்டார். ஆறுக்கு ஒன்பது அங்குலம், 'சிக்ஸ் நைன்'. டேஷ்போர்டுக்குக் கீழே ஈக்வலைசர். அதில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஏறி இறங்கும். ஈக்வலைசரின் குமிழ்கள் எந்த வேலைக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரு ஓரங்களையும் மேலே தூக்கி நடுவைக் கீழே இறக்கினால் 'சவுண்ட் நல்லா இருக்கும்' என்பது மட்டும் மாநிலம் முழுவதும் ஒருமனதாக ஏற்கப்பட்ட கோட்பாடு. பாட்டரியிலிருந்து வந்த வயரில் ஃபியூஸ் கிடையாது. எர்த்தும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஆகவே எண்ணெயை மிதிக்க மிதிக்க ஆல்டர்னேட்டரும் 'ஙொய்ங்' என்று சுருதி ஏற்றிக்கொண்டு பாடகியோடு போட்டி போடும். அதையும் வாத்தியத்தில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

அந்த நாளில் தூரத்தையே கேசட்டில்தான் அளப்போம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994-ல். அதற்கு முன்பு பழைய ரோட்டில், செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஜொகூர் பாருவிலிருந்து ஆயர் ஹீத்தாம் போய்ச் சேர ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிய வேண்டும். அங்கே நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, செகாமட்டுக்கு இன்னொரு கேசட்.

தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று 'ப்ரியா'வைச் சொல்வார்கள். 1978-ல் வந்தது, பாதிப் படத்தை நம் பக்கத்திலும் சிங்கப்பூரிலும் எடுத்ததால் எங்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி. அந்தக் கேசட் என் காடியில் தேய்ந்தது. ஆனால் இடப்பக்க ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆகப் பல வருஷம் நான் உருகி உருகிக் கேட்டது பாதி இளையராஜாவை.

இத்தனைக்கும் அதைத் திருட ஆள் இருந்தது! கண்ணாடியை உடைத்துப் பிளேயரை உருவிக்கொண்டு போவார்கள் என்பதால், கைப்பிடி வைத்து இழுத்தெடுக்கும் பிளேயர் வந்தது. இறங்கும்போது கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் ஆண்கள் இடது கையில் அதைத் தொங்கவிட்டபடி நிற்பார்கள். மேசையில் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். சம்பளச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவதைவிட அது கௌரவமாக இருந்தது.

இப்போது நான் பாசிர் கூடாங் ஆலையிலிருந்து ஓய்வுபெற்றவன். சாகா இன்னும் ஓடுகிறது. சேமநிதிக் காசில் கொஞ்சத்தை எடுத்து, இளமையில் முடியாததை முடித்துவிடுவது என்று தெப்ராவ் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். வாசலில் நின்றவை பெரும்பாலும் சிங்கப்பூர் நம்பர் காடிகள். அவர்களின் ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல் என்றான பிறகு கார் கழுவுவது, டயர் மாற்றுவது, சவுண்ட் வைப்பது எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் பாலம் தாண்டி வருகிறார்கள். மாமா இருந்திருந்தால் கைலியை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று யோசித்திருப்பார்.

கடைத் தம்பி என் காடியைச் சுற்றி வந்தான். "அங்கிள், இதுக்கா?" என்றான். நான் சொன்ன பட்ஜெட்டில் இன்னொரு சாகா வாங்கலாம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நல்ல பிள்ளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலை மட்டும் மணியாகத் தெரிந்தவன். பிளேயர் பெட்டியில் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டிச் சிரித்தான். காடி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட், அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாமல் தள்ளக்கூடியது ஏட்டுக் கணக்கிலேயே 26 வாட், நடைமுறையில் இருபதுக்குள். ஐம்பது வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் வாட்டைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்தது அட்டைப்பெட்டியின் விளம்பரத்தை. அவன் பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தான். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைத் தொட்டான். கதவின் உள்தகட்டில் பியூட்டில் ஷீட்டை ஒட்டி ரோலரால் தேய்த்தான். பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்தபோது ஓரத்து ஃபோம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஃபோம் இத்தனை காலம் தாங்கியதே அதிகம்.

பிறகு லேப்டாப் வந்தது. ஓட்டுநர் சீட்டில் என் தலை இருக்கும் இடத்தில் ஒரு மைக்கை நிறுத்தி 'புஸ்ஸ்' என்று இரைச்சலை ஓடவிட்டு அளந்தான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். வலப்பக்க ஸ்பீக்கர் எனக்குக் கிட்டே, இடப்பக்கம் எட்டே. கிட்டே உள்ளதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும், பாடுகிறவர் டேஷ்போர்டின் நடுவில் நின்று பாடுவார். அப்படியே நடந்தது. கண்ணை மூடினால் ஜேசுதாஸ் பெட்ரோல் முள்ளுக்கும் ஏர்கோன் துவாரத்துக்கும் இடையில் நின்றார். 'ப்ரியா'வின் அந்த இன்னொரு பாதி இத்தனை வருஷம் கழித்து இடது கதவிலிருந்து வந்தது. அங்கே ஒரு கிடார் இருந்திருக்கிறது.

"நடுவில் நிற்பது உங்களுக்கு மட்டும்தான் அங்கிள்" என்றான் தம்பி. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். ஒரு தெருவுக்கே பாட்டுப் போட்ட காடி, இப்போது ஒரு தலைக்கு மட்டும் பாடுகிறது. ஜன்னலையும் ஏற்றச் சொன்னான்.

அந்தத் தலை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஆலையில் சேர்ந்த காலத்துச் சட்டம், 1989-ல் வந்தது, எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் இரைச்சல் வரை தாங்கலாம் என்றது. 2019-ல் அதை 85-க்கு இறக்கினார்கள். அதற்குள் என் காது வேலையை முடித்துவிட்டது. இரைச்சல் தின்னும் காதில் முதலில் குழி விழுவது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். மேல் சுரங்கள் வயதோடு தாமாகப் போகும். தம்பி பெருமையோடு வைத்துக் கொடுத்த ட்வீட்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும். எஃப்எம் 15-ல் நிறுத்திக்கொள்ளும். நான் அதற்கு வெகு முன்னதாகவே நிறுத்திக்கொள்கிறேன். மேலே மிஞ்சுவதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டினேன். கேட்கும் பேரன் யாராவது ஏறினால் கேட்கட்டும்.

மனைவியை முதல் சவாரிக்கு அழைத்துப் போனேன். கொஞ்ச தூரம் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு என்னமோ எல்லாம் கதவுப் பக்கமே கேக்குதுங்க."

விளக்க ஆரம்பித்தேன். மில்லிசெகண்டில் இருக்கும்போதே போன் அடித்தது. செகாமட்டில் இருக்கும் அவள் தங்கை. புளூடூத் ஜேசுதாஸை ஒதுக்கிவிட்டு அழைப்பை எடுத்துக்கொண்டது. ஆம்ப்ளிஃபையர், பியூட்டில் ஷீட், தாமதக் கணக்கு எல்லாம் ஒன்று சேர்ந்து என் கொழுந்தியாளை டேஷ்போர்டின் நட்டநடுவில் நிறுத்தின.

"அக்கா, கேக்குதா? அக்கா! கேக்குதா?" என்று கத்தினாள். ட்வீட்டர் ஒரு பிசிறு இல்லாமல் வேலை செய்தது.