பிஞ்சியல்: சிற்றுரையுடன்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பேர் வைத்து, அதன் வாசலிலேயே இளமைப் பெயர்களை அடுக்கினார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று ஒன்பது. எலும்பு மஜ்ஜைக்குள் கிடக்கும் இளசுகளை மட்டும் விட்டுவிட்டார். நுண்ணோக்கி இல்லாத காலம், மன்னிக்கலாம். பின்வந்தவர்கள் ஜெனடிக்ஸுக்கும் மரபியல் என்றே பேர் சூட்டிவிட்டதால், விடுபட்ட நூற்பாவை எழுதும் கடமை கடத்தூரில் சும்மா இருக்கும் ஒருவன் தலையில் விழுந்திருக்கிறது.

முதற்கண் பெயரிடல். தமிழில் மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், இளம்பாக்கு நுழாய். கெட்டுப்போனதற்கும் அதே மரியாதை உண்டு: சூம்பல், வெம்பல், சொத்தை. தேரை உட்கார்ந்து கெட்டதாகச் சொல்லப்படும் தேங்காய்க்குத் தேரைக்காய். ரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் கனி வருமுன் ஐந்து பருவம்: மைலோபிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட். இவற்றை முறையே பூம்பிஞ்சு, வடு, இளங்காய், காய், செங்காய் எனக் கொள்க. கொள்ளாதார் பேண்ட்டுக்குத் தாமே ஒரு சொல் தேடுக. கனிந்தது தானே காம்பு விடும். ரத்தத்தில் நியூட்ரோபிலின் ஆயுள் நாள் கணக்குதான்.

இனி நோய். வடுவாகவே நின்று, காம்பும் விடாமல், கிளை முழுவதும் காய்த்துக் குவியும் சாதி ஒன்று உண்டு. 1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். புரோமைலோசைட் ரத்தப்புற்று. இதன் அணுக்கள் சிலவற்றுக்குள் ஊசிகள் கட்டுக்கட்டாகத் தெரிவதால், மேல்நாட்டார் விறகுக்கட்டு என்று பொருள்படப் பேர் வைத்தார்கள். கவிதை குறைவு, ஆனால் பார்த்தால் விறகுக்கட்டுதான். காரணமும் தெரியும்: 15ஆம் குரோமோசோமின் துண்டும் 17ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்ள, ஒட்டுப்புரதம் ஒன்று பிறந்து, பழுக்கச் சொல்லும் மரபணுக்களின் மேல் பூட்டாக உட்கார்ந்துகொள்கிறது.

மருத்துவம் இருவகை: வெட்டல், பழுக்கவிடல். வெட்டலை, அதாவது கீமோவை, எல்லோரும் அறிவர், முடி கொட்டும்.

பழுக்கவிடலில் முதல் மருந்து, வைட்டமின் ஏயின் உறவான ரெட்டினாயிக் அமிலம். முகப்பருக் களிம்பில் ட்ரெட்டினாயின் என்ற பேரில் வருவதும் இதுதான். ஷாங்காயில் வாங் ஜென்யீ 1985இல் ஐந்து வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். 1988இல் வெளியான கட்டுரையில் 24 நோயாளிகள். 23 பேருக்கு இந்த மருந்து மட்டுமே போதுமாயிற்று. பருவம் தாண்டாத அணு பருவம் தாண்டியது, உதிர்ந்தது.

இரண்டாவது மருந்து பாஷாணம். சித்தர்கள் பாஷாணத்தை 64 என்று எண்ணி, பிறவி 32, வைப்பு 32 என்று பிரித்தார்கள். வகைப்படுத்தலில் நமக்கு முன்னோர். அதில் வெள்ளைப் பாஷாணம்தான் ஆர்சனிக் ட்ரையாக்சைடு. சீனாவின் ஹார்பினில் ஜாங் டிங்டோங் குழு 1970களில் ஒரு நாட்டு மருந்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. உள்ளே ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு. வேலை செய்தது ஆர்சனிக். ஆக, தேரைக்காயிலும் சரி, ஹார்பினிலும் சரி, தேரைக்குச் சம்பந்தமில்லை.

அளவு தவறினால் உயிர் போகும் இந்தப் பொருள் நம் பக்கம் வந்தது வேலூரில். பொம்மிடியில் ரயில் ஏறினால் காட்பாடி, வேலூருக்கு இறங்கும் இடம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மம்மன் சாண்டி, விக்ரம் மாத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை 72 புது நோயாளிகளுக்கு ஆர்சனிக்கையே முதன்மை மருந்தாக ஊசியில் ஏற்றினார்கள். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுவதும் அடங்கியது. காசில்லாதவர்களுக்கு என்று தொடங்கிய வைத்தியம், உலகம் திரும்பிப் பார்க்கும் வைத்தியமாயிற்று. பிற்பாடு ஐரோப்பாவில் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, 2013இல் கீமோ சேர்ந்த வைத்தியத்துக்கு இது குறைந்ததல்ல, மிஞ்சவும் கூடும் என்று அறிவித்தார்கள். ரெட்டினாயிக் அமிலம் பூட்டின் ஒரு பாதியைப் பிடிக்கிறது, ஆர்சனிக் மறு பாதியை, பூட்டே நொறுங்குகிறது.

இதை மாம்பழ மண்டிக்காரர் ஒருவரிடம் விளக்கினேன். "ஏங்க வாத்தியாரே, இது நாங்க கல்லு வெச்சுப் பழுக்க வெக்கற சமாச்சாரந்தானே? அதுக்கு ஆபீசருங்க அபராதம் போடறாங்க" என்றார். அந்தக் கல்லான கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டிருப்பதற்கு ஒரு காரணம், அதில் ஆர்சனிக் கலந்திருப்பது. நான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வேறுபாடு சொன்னேன்: கல், முற்றாத காய்க்கு மஞ்சள் வேஷம் போடும்; இங்கே பூட்டு உடைந்து காய் தானே முற்றுகிறது. மாம்பழம் தின்று இந்த நோய் தீராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அவர் விளம்பரப் பலகை எழுதிவிடுவார் என்ற பயத்தில்.

"எல்லாம் ஒரே நாள்ல பழுத்தா?" என்று கேட்டார். மண்டிக் கேள்வி; நூலாசிரியர்கள் கேட்க மறந்தது. பழுக்கும். அணுக்கள் மொத்தமாகப் பழுக்கத் தொடங்கினால் காய்ச்சல், மூச்சிரைப்பு, நுரையீரலில் நீர், உடல் எடை ஏற்றம். டெக்சாமெத்தசோன் கொடுத்து அடக்குவார்கள். அதற்கும் முன்னே, நோய் தெரிந்த முதல் நாட்களில் ரத்தம் கசிந்து போகிறவர்களை எந்தக் கனிவும் காப்பதில்லை. காட்பாடிக்குச் சீக்கிரம் போவது வைத்தியத்தில் பாதி.

புறனடை. ஐடிஎச் என்னும் நொதி கெட்டு நின்ற ரத்தப்புற்றுகளுக்கு 2017இல் எனாசிடெனிப் வந்தது. அதுவும் பழுக்கவிடும் இனம். குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமாவில் ஐசோட்ரெட்டினாயின், பிற சிகிச்சைகள் முடிந்தபின் துணையாக. மற்றபடி கட்டிகள் பெரும்பாலும் சொல் கேளாதவை. அவற்றில் ஒரு பூட்டு இல்லை, பல பூட்டு. வாயில் வெள்ளைத் திட்டு வந்தவர்களுக்கு வைட்டமின் ஏ வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், திருவனந்தபுரத்திலும்கூட. திட்டு சுருங்கியது, நிறுத்தியதும் பலருக்குத் திரும்பி வந்தது.

அத்திட்டுக்கு நுழாயின் முதிர்ந்த உறவான பாக்கும் ஒரு காரணம். இந்த வரியை எழுதும்போது மண்டிக்காரர் கடத்தூர்ச் சந்தையில் வாங்கிய கொழுந்து வெற்றிலையை, பாக்கோடு மடித்து என் காகிதத்தின் மேல் வைத்தார். பாக்கை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். "வாத்தியாரே, இப்ப அது வெறும் இலைங்க" என்றார்.