ஓசிக் குடையும் சுதேசிக் கப்பலும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சல்லிக்காசு வாங்காமல் கூட்டிப்போய், இறங்கும்போது கையில் ஒரு குடையும் கொடுத்து அனுப்பிய கப்பல் கம்பெனி ஒன்று இருந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இன்றைக்கு வாகைக்குளத்தில் விமானம் ஏறுகிறவர் குடிதண்ணீர் பாட்டிலுக்கே தனியாகக் காசு கொடுக்கிறார். அந்தக் கம்பெனிக்குப் பயணிகள் மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று விசாரித்தால், ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு பட்டா விவகாரம். தூத்துக்குடிக் கதையை நெல்லைக்காரன் ஏன் சொல்கிறான் என்று யாரும் மல்லுக்கு நிற்க வேண்டாம். 1986 வரை தூத்துக்குடி எங்கள் ஜில்லாதான். பொதிகையில் பிறந்த தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆறு போன வழியில் கதையும் போகும்.

அந்த ஆற்றிலேயே ஆரம்பிக்கலாம். பாபநாசத்தில் பாவம் தொலைய நம் பாட்டன்மார் முங்கிக் குளித்த அதே தண்ணீரின் வேகத்தில் ஆலைச் சக்கரம் சுற்றி நூல் நூற்றார்கள் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லும் அவர்களுடையது. அது போதாதென்று பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் (பி.ஐ.) கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டும் அவர்களே. பஞ்சு, நூல், கப்பல் எல்லாம் ஒரே கையில். கொழும்புக்குப் போகும் வியாபாரியும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாளும் அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கொடுத்து, அவர்கள் காட்டிய இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு போனார்கள்.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1872-இல் பிறந்தவர். ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காக வாதாடி அதிகாரிகளின் விரோதத்தைச் சம்பாதித்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை, பையன் இங்கே இருந்தால் வம்பு முற்றும் என்று 1900-இல் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார் என்பார்கள். தாசில்தாரோடு மோதிக்கொண்டிருந்த பிள்ளையை ஏகாதிபத்தியத்தோடு மோதுகிற தூரத்துக்கு அனுப்பிய தகப்பனாரின் முன்யோசனையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

1906 அக்டோபர் 16. சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர்தான். சங்கம் வைப்பது கைவந்த கலை. இந்தத் தடவை சங்கம் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். வ.உ.சி.க்குக் காகிதத்தில் கிடைத்த பதவி உதவிச் செயலாளர். உதவிச் செயலாளர் என்றால், எல்லா வேலையும் செய்கிறவர். நம் ஊர்ச் சங்கங்களில் இன்றும் அப்படித்தான்.

கம்பெனியிடம் எல்லாம் இருந்தது, கப்பலைத் தவிர. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. பி.ஐ. கம்பெனி ஷா லைனை ஒரு முறை முறைத்தது. வாடகைக் கப்பல் கழன்றுகொண்டது. உடனே வ.உ.சி. கொழும்புக்கு ஓடி வேறு கப்பலை அமர்த்தி வந்தார். வாடகை வீட்டில் குடியிருப்பவனின் அவஸ்தை அவருக்கு அப்போது புரிந்திருக்கும்: சொந்தமாக வாங்காத வரை யாராவது காலி பண்ணச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

பம்பாய்க்குப் புறப்பட்டார். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சபதம். வீட்டில் மனைவி கர்ப்பிணி, மகனுக்குக் காய்ச்சல். திரும்பி வரச் சொல்லிப் பார்த்தார்கள், மனுஷர் அசையவில்லை. 1907-இல் 'காலியா' என்ற கப்பல் வந்தது, பிறகு 'லாவோ'வும் வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் ஆளேறும் கப்பல்கள். பாரதியார் தம்முடைய 'இந்தியா' பத்திரிகையில் ஆனந்தக் கூத்தாடினார். தூத்துக்குடியில் அன்றைக்குக் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ஆகவே, நம் கப்பலை ஊரே திரண்டு வரவேற்றது என்றால், தொடுவானத்தில் தெரிந்த புகையைப் பார்த்துக் கும்பிட்டது என்று அர்த்தம்.

இனிதான் கூத்து. இந்தப் பக்கம் கப்பல் இரண்டு. அந்தப் பக்கம் நூற்றுக்கு மேல். பி.ஐ. கம்பெனி தலைக்கு ஒரு ரூபாய் என்று கட்டணத்தை இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. அதற்குப் பதிலாகத்தான் அந்த அஸ்திரம் வந்தது: கட்டணமே வேண்டாம், கூட ஒரு குடை இலவசம்! தூத்துக்குடியில் மழை ஐப்பசி கார்த்திகையில் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும்; ஆனால் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. குடையைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக்காரன் ஊரைக் கவனித்திருக்கிறான்.

துறைமுகத்தில் இரண்டு பேர் இப்படிப் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

"அண்ணாச்சி, நம்ம கப்பல்ல எட்டணா. அவன் கப்பல்ல சும்மா. கூடக் கொடையும் தாரான்."

"கொடைய வாங்கிக்கிட்டு நம்ம கப்பல்ல ஏறிர முடியுமான்னு கேளும் வே."

சிரித்துக்கொள்ளலாம். ஆனால் வியாபாரத்தில் இது பழைய கொலைமுறை. ஆழமான பாக்கெட் உள்ளவன் நஷ்டத்துக்கு விற்பான், ஆழமில்லாதவன் மூழ்குவான், அதன்பின் விலை பழையபடி ஏறும். இலவசத்தில் பறிகொடுத்ததை வெள்ளைக்காரன் கல்கத்தா வழியிலோ ரங்கூன் வழியிலோ ஈடுகட்டிக்கொள்வான். சுதேசிக்கு இருந்ததோ ஒரே வழி, கொழும்பு. நூறு வருஷம் கழித்து ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட் விற்று நஷ்டத்தில் தடுமாறி, கிங்ஃபிஷர் கைக்குப் போனது; 2012-இல் கிங்ஃபிஷரும் தரையில் குந்திவிட்டது. சொந்தக் காசில் ஒரு ரூபாய் டிக்கெட் விற்றுத் தானாகவே மூழ்குகிற வித்தையை நாம் அப்புறம்தான் கற்றோம். 1907-இல் அதைச் செய்ய எதிரி தேவைப்பட்டான்.

வெறும் கப்பல் முதலாளியாக இருந்திருந்தால் வ.உ.சி. கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருப்பார். அவருக்கு அது போதவில்லை. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுதேசித் தோழர் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து வ.உ.சி. அவர்களுக்காகப் பேசினார். அதாவது, கடலில் எந்த ஹார்வியின் கப்பலோடு போட்டியோ அதே ஹார்வியின் மில்லைக் கரையில் பூட்டவைத்தார். ஊரும் கூடச் சேர்ந்துகொண்டது. ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், ஆசாமி வ.உ.சி.க்கு எதிர்க்கட்சி என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. உலக வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பலமான போராட்ட ஆயுதத்தை நான் கேள்விப்பட்டதில்லை. மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

நஷ்டத்தைக்கூட மன்னிப்பார்கள், வெற்றியை மன்னிக்க மாட்டார்கள். மார்ச் 12-இல் வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இந்த இடத்தில் மட்டும் எனக்கு வேடிக்கை வரவில்லை.

ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். ஆக 40 வருஷம். 1908-ஓடு 40-ஐக் கூட்டிப் பாருங்கள்: 1948. பின்ஹே துரை கொடுத்த தண்டனைக்குப் பின்ஹே துரையின் சாம்ராஜ்யத்தைவிட ஆயுள் கெட்டி! லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மோர்லிக்கே இது தொண்டையில் சிக்கியது. இப்படிப்பட்ட தண்டனைகளுக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது என்கிற தொனியில் வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்துவிட்டு, கண்ணனூர்ச் சிறைக்குப் போய், 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வந்து பார்த்தால் கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. அவர் உள்ளே போனதும் இங்கே எல்லோருக்கும் கணக்கு வழக்கு ஞாபகம் வந்துவிட்டது. முன்பே அரசியலை விட்டுவிட்டுக் கப்பலைக் கவனியும் என்று அவருக்கு உபதேசித்தவர்கள், அரசியல் சிறைக்குள் போன பின்பும் கப்பலைக் கவனிக்கவில்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை வாங்கியது யார் தெரியுமா? பழைய எதிராளிக்கே விற்றுவிட்டார்கள் என்றுதான் ஊரில் சொல்கிறோம். விற்றதற்கு உடைத்துக் கடலில் போட்டிருக்கலாம் என்று வ.உ.சி. நொந்துகொண்டதாகவும் சொல்கிறோம். இரண்டு லட்சம் கொடுத்த பக்கீர் சேட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுக்கூட்டத்தில் கை வலிக்கத் தட்டிவிட்டு 25 ரூபாய்ப் பங்குக்கு யோசித்தவர்கள்தான் கம்பெனியை மூழ்கடித்தார்கள். குடை ஒரு சாக்கு.

பறிபோன வக்கீல் சனதைப் பின்னால் மீட்டுக் கொடுத்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றிக்கு வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் பெயர்! அவருக்குச் சண்டை கம்பெனியோடுதான், ஆளோடு இல்லை. 1936 நவம்பர் 18-இல் இறக்கும்போது சொத்தைவிடக் கடன் விவரம்தான் உயிலில் அதிகம் பேசியது.

1961-இல் பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். சிவாஜி செக்கிழுத்தார், தமிழகம் பிற்பாடு கண்ணீர் விட்டது. வெளியான சமயத்தில் கொட்டகைக்குப் போய் டிக்கெட் வாங்கத்தான் மறந்துவிட்டது. படமும் நஷ்டம். இப்போது துறைமுகத்துக்கு அவர் பெயர், தபால் தலையில் அவர் முகம். டிக்கெட் எடுக்க வேண்டாத மரியாதை என்றால் நாம் குறை வைப்பதே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பூட்டனாரின் டிரங்குப் பெட்டி இருந்தால் ஒரு தடவை திறந்து பாருங்கள். சுதேசிக் கம்பெனியின் பங்குப் பத்திரம் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். குடை கிடைத்தால் அதையும்.