ஒன்றரை கிராம் தவம்

எஸ்எம்இ 3009 என்றொரு பழைய பிரிட்டிஷ் டோன்ஆர்ம்; அதாவது இசைத்தட்டுக் கருவியில் ஊசியைச் சுமக்கும் கை. கத்திமுனைமேல் நின்றாடும் நுட்பம். வயதானால் ரப்பர் தளர்ந்து பின்பக்க எடை தொங்கிவிடும். மனிதர்களுக்கும் அப்படித்தான், ஆனால் இதற்கு மாற்று ரப்பர் கிடைக்கிறது.

ஊசி இசைத்தட்டை அழுத்தவேண்டியது ஏறக்குறைய ஒன்றரை கிராம். காய்கறிக்காரரிடம் கால் கிலோ குறைந்தாலும் கவனிக்காத குடும்பத்தலைவர் இதற்கு மட்டும் நகைத் தராசு வாங்குவார். ஊசி உள்பக்கம் இழுபடாமல் நூலில் தொங்கும் குட்டி எடை பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் அந்தப் பக்கம் நடக்காமல் அவரே பார்த்துக்கொள்வார்.

எல்லாம் பொருத்தியபின் இசைத்தட்டு சுழலும். அவர் கேட்பது பாட்டையல்ல, இரைச்சலை. அது இல்லையென்றால் முகம் வாடிவிடும்: அடுத்த ஞாயிறு என்ன செய்வது?

நல்லவேளை, ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜின் கோணத்தை இன்னும் அளக்கவில்லை.