பாதி விலை வண்டி, முழு விலை பில்

திருப்பூர் வாசகர்: புதிதில் 80 லட்சத்துக்கு மேல் போன ஏழு சீட் ஆடி க்யூ7, எங்கள் ஊர் கார் கன்சல்ட்டிங்கில் 24 லட்சத்துக்கு நிற்கிறது. புது இன்னோவா வாங்கும் காசில் இது கிடைக்கிறதே, வாங்கலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பில் ஃபைலை. தோல் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவி, மனசைப் பறிகொடுத்த பிறகு ஃபைலைப் புரட்டினால் எல்லாக் கணக்கும் நல்ல கணக்காகவே தெரியும். அதனால் அதை முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். 80 லட்சம் எப்படி 24 ஆனது என்று யோசித்துப் பாருங்கள். இரும்பும் ரப்பரும் தேய்ந்ததால் மட்டும் இந்தச் சரிவு வராது. அதே வருடங்கள் அதே சாலையில் ஓடிய இன்னோவாவுக்கும் தேய்மானம் உண்டு, அது இப்படி விழுவதில்லை. சொகுசு வண்டியைப் புதிதாக எடுப்பவர்களில் பலர் கம்பெனி வாரண்டி இருக்கும்வரை வைத்திருந்துவிட்டு, பெரிய செலவு தலைகாட்டும் நேரத்தில் கைமாற்றிவிடுகிறார்கள். சந்தைக்கு இது தெரியும். ஆகவே குறைந்துபோன 56 லட்சத்தில் ஒரு பங்குதான் தேய்மானம். மறு பங்கு, இனி வரப்போகும் செலவுக்காகச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்ட தொகை. அதை லாபம் என்று நீங்கள் நினைத்தால், செலவு வரும்போது இன்னொரு முறை கட்டுவீர்கள்.

வண்டியின் விலைதான் இறங்குகிறது. பிரேக் டிஸ்க், ஹெட்லைட், ஏர் சஸ்பென்ஷன் எதுவும் தன் வண்டி 24 லட்சத்துக்கு வந்துவிட்டதை அறியாது. 80 லட்சத்து வண்டிக்கு உரிய கெத்துடனேயே பில் போடும். 20, 21 அங்குல வீலுக்கு நான்கு டயர் மாற்றினாலே லட்சத்தைத் தாண்டும். ஆகவே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: முந்தைய ஓனர் செய்ய வேண்டிய எந்த வேலையைச் செய்யாமல் உங்களிடம் தள்ளுகிறார்? ஃபைலில் ஷோரூம் பில் வருடா வருடம் வந்து, வாரண்டி முடிந்த வருடத்தோடு நின்றிருந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. வெளியே சர்வீஸ் விட்டிருந்தால் குற்றமில்லை, அந்த பில்லாவது இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்ற வரியையும் பாருங்கள். ஒரே ஓனர் ஐந்தாறு வருடம் கிளெய்மே வாங்காமல் ஓட்டியிருந்தால் அது படிப்படியாக ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ‘சின்னக் கீறல்கூட விழாத வண்டி சார்’ என்பவரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், எதற்காகக் கிளெய்ம் வாங்கினீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மதுரை வாசகர்: ஃபைல் சரி, வண்டியை எப்படிச் சோதிப்பது? மெக்கானிக் பாஷை வேண்டாம்.

பதில்: எது கெட்டால் அதிக பில் வருமோ அதிலிருந்து தொடங்குங்கள். நம் ஆட்கள் கதவைத் தட்டி டிங்கரிங் சத்தம் கேட்பதில் அரை மணி நேரம் செலவிட்டு, கியருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவார்கள். இதைத் தலைகீழாக்குங்கள். இந்த ரக வண்டிகளில் முதல் சந்தேகம் ஏர் சஸ்பென்ஷன் மேல் விழ வேண்டும். மெர்சிடிஸ் ஜிஎல், ஜிஎல்எஸ், ரேஞ்ச் ரோவர், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 எல்லாம் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பையின் மேல் நிற்பவை. க்யூ7-இலும் பல மாடல்களில் இது உண்டு. இரண்டரை டன்னை ஒட்டிய எடையைச் சுமக்கும் அந்த ரப்பர் வயதாக ஆக வெடிப்பு விடும். காற்று கசியக் கசிய, கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் சாகும். ஒரு பைக்குச் செலவிடத் தயங்கியவர் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவது இப்படித்தான். சோதிப்பது சுலபம். முந்தின இரவு நிறுத்திய இடத்திலேயே, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கசிவு. பிறகு ஸ்டார்ட் செய்து, மேலே, கீழே, நடுவே என்று எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்கி, எவ்வளவு நேரம் எடுக்கிறது, கம்ப்ரெஸர் எப்படி இரைகிறது என்று கேளுங்கள். ‘நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு வெச்சிருக்கேன்’ என்று உபசரிப்பவரிடம் நன்றி சொல்லி, மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சின் வேறு சிலவற்றையும் உளறும். க்யூ7-இன் 3.0 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. காலை முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினோ டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம், அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டிவரும். ஜிஎல் வரிசையில் வந்த மெர்சிடிஸின் வி6 டீசலில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ரப்பர் சீல் கசிவது உலகமறிந்த சமாச்சாரம். சீல் கைக்குள் அடங்கும் பொருள். ஆனால் அதைத் தொடுவதற்கு மேலே இருக்கும் டர்போ முதல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், கூலி அங்கேதான் ஏறுகிறது. ரேஞ்ச் ரோவரின் 3.0 வி6 டீசலில் செயினுக்குப் பதில் பெல்ட். அதுவும் முன்னால் ஒன்று, டீசல் பம்ப்புக்காகப் பின்னால் ஒன்று. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கியர்பாக்ஸில் ஒரு பழைய பொய் உலவுகிறது: ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்.’ யாருடைய லைஃப் என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. 1,10,000 ஓடிய வண்டியில் அந்த பில் இருந்தால் முந்தைய ஓனரைப் பற்றி நல்ல அபிப்பிராயமே வரும். ஓட்டும்போது மெதுவாக ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து பாருங்கள். இடிப்பு, உதறல் எல்லாம் அந்த வேகத்தில்தான் தெரியும். பைபாஸில் 100-இல் போனால் எல்லா வண்டியும் ராஜாதான்.

கும்பகோணம் வாசகர்: கறுப்பு வாங்கலாமா, வெள்ளையா?

பதில்: கறுப்பில் எல்லாக் கீறலும் தெரியும், வெள்ளையில் தெரியாது. வாங்கும்போது கறுப்பு, விற்கும்போது வெள்ளை.

கோவை வாசகர்: எனக்கு வந்த வண்டி எட்டு வருடத்தில் 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டாக்டர் ஓட்டிய வண்டியாம். இதில் நீங்கள் சொல்லும் பயம் எதுவும் இல்லை அல்லவா?

பதில்: தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களில் முக்கால்வாசியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது, நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ! முதலில் 28,000 என்பது உண்மையா என்று பாருங்கள். டேஷ்போர்டில் எண்ணைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஷோரூமில் ஒவ்வொரு சர்வீஸின் போதும் பதிவான கிலோமீட்டர் அங்கேயே இருக்கும், வண்டியின் வேறு சில கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். எட்டு வருட வண்டியில் 28,000 மட்டுமே ஓடியும் இரண்டாவது செட் டயர் போட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ரப்பர் வயதானதால் மாற்றினேன் என்பது ஏற்கக்கூடிய பதில்தான். பிரேக் பெடலும் டிரைவர் சீட்டின் ஓரமும் வழவழத்துப் போயிருந்தால் அந்தப் பதிலையும் ஏற்க வேண்டாம்.

கிலோமீட்டர் நிஜமே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் வாதம் மாறாது. மேலே சொன்ன செலவுகளில் பல ஓட்டத்தால் வருபவை அல்ல, வயதால் வருபவை. காற்றுப் பையின் ரப்பர், ஆயில் சீல், கூலன்ட் ஹோஸ், பேட்டரி எல்லாம் நிறுத்தி வைத்தாலும் வயதாகும். டீசலில் இன்னொரு சங்கடம் உண்டு. புகையின் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர், எஞ்சின் நன்றாகச் சூடேறி தொடர்ந்து ஓடும்போதுதான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நான்கு கிலோமீட்டர், திரும்பி நான்கு என்று எட்டு வருடம் ஓடிய வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. ஒழுங்கான பில்லோடு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் 90,000 ஓடிய வண்டி அதைவிட மேலாக இருக்கக்கூடும்.

சேலம் வாசகர்: டெல்லியில் இதே மாடல் ஐந்தாறு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. கொண்டுவந்தால் என்ன?

பதில்: மலிவுக்குக் காரணம் இருக்கிறது. டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-இல் அந்தப் பிடி சற்றுத் தளர்ந்தாலும், எட்டு ஒன்பது வருட டீசலை அங்கே அவசரமாகத் தள்ளிவிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அவசரத்தில் விற்பவரிடம் நல்ல வண்டியும் கிடைக்கும், இதை மறுக்க முடியாது. ஆனால் மிச்சத்தைக் கணக்குப் போடும்போது அங்கத்திய ஆர்.டி.ஓ. ஆபீஸின் என்.ஓ.சி., பாங்க் கடன் பாக்கி இருந்தால் அதை முடித்த சான்று, இங்கே மறுபதிவு, லைஃப் டாக்ஸ் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நீங்கள் கொடுத்த 20 லட்சத்தை அந்த வரி பார்ப்பதில்லை. வண்டி புதிதில் என்ன விலை, இப்போது என்ன வயது என்று பார்த்துத்தான் போடுவார்கள். உதிரி பாகம் மட்டுமல்ல, அரசாங்கமும் பழைய விலையை மறப்பதில்லை பாருங்கள்.

டெல்லி வண்டிக்கு இத்தனை யோசிப்பவர்கள் சென்னை வண்டிக்குக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற சொகுசு கார்கள் கொஞ்சமா? இன்சூரன்ஸ் கம்பெனி முழுச் சேதம் என்று கழித்த வண்டி ஏலத்தில் போய், உலர்ந்து, பாலிஷ் போட்டு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் வண்டல் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் கிளம்பிவிடுங்கள். இதற்கு மட்டும் விலை பேச்சே வேண்டாம். கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் பரப்பி வைத்திருக்கும் வண்டியில், ஈரம் எந்த வருடம் எந்தப் பெட்டியைத் தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நாமக்கல் வாசகர்: எங்கள் மெக்கானிக் முப்பது வருடமாக லாரி எஞ்சின் இறக்குபவர். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். அவர் பார்த்தால் போதாதா?

பதில்: அவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அடியில் படுத்து அவர் பார்ப்பதை எந்த மெஷினும் பார்க்காது. ஆனால் இந்த வண்டியின் பாதி நோய்க்குச் சத்தம் கிடையாது. அந்தக் கம்பெனிக்கு உரிய ஸ்கேனரைப் போட்டு எல்லாப் பெட்டிகளையும் படிக்க வேண்டும். பிழை எதுவும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னாலும் ஒரு படி மேலே போகலாம். வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்றும் அது காட்டும். முடியவில்லை என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ பிழைகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று விற்பவர் விளக்கட்டும். ஸ்கேனர் போடவே விடமாட்டேன் என்பவரிடம் வாதாட வேண்டாம். அதுவும் ஒரு ரிப்போர்ட்தான்.

காரைக்குடி வாசகர்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் யாருமே பழைய சொகுசு வண்டி வாங்கக்கூடாது போலிருக்கிறது. நல்லபடி ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே?

பதில்: இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். 24 லட்சம் இருப்பவர் 24 லட்சத்து வண்டி வாங்கினால் தொல்லை. 18, 19-க்கு ஒன்றைப் பிடித்து, மிச்சத்தை வண்டிப் பேரிலேயே ஒதுக்கி வைப்பவர் நிம்மதியாக ஓட்டுகிறார். அந்தப் பணம் செலவாகாமல் போனால் நல்லது, ஆனால் இல்லாமல் வாங்காதீர்கள். ‘டொயோட்டா லேண்ட் குரூசர் மட்டும் பழசானாலும் விலை இறங்கவில்லையே’ என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் என் கட்சிக்கே சாட்சி. வரப்போகும் செலவைக் கண்டு சந்தை அங்கே அவ்வளவு பயப்படவில்லை, அதனால் அவ்வளவு கழிக்கவும் இல்லை. செலவை அங்கே வாங்கும்போதே கட்டிவிடுகிறீர்கள், இங்கே தவணையில் கட்டுகிறீர்கள். எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்பது வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

தூத்துக்குடி வாசகர்: உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. போன வாரமே வாங்கிவிட்டேன்.

பதில்: வாழ்த்துகள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் இந்த வாரமே மாற்றுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டாவது சாவியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு மூலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.