ஆவணங்களை வெள்ளத்துக்குத் தாரை வார்ப்பது எப்படி?

மழைக்காலம் தொடங்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது. எங்கள் ஐதராபாத்தில் லாலாகுடா ரயில்வே பணிமனை நிஜாம் காலத்தில், 1893இல் வந்தது. அதை நம்பி ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. தாத்தாவின் பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், எல்ஐசி பாலிசி, பாஸ்போர்ட், எப்போதோ காலாவதியான ரேஷன் அட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கட்டும். பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தால் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது உத்தமம். தேட வேண்டியதில்லை.

அடுத்தது லேமினேஷன். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கடையில் கொடுத்துப் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வாங்குங்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வராது. மை கரைந்து ஓடுவதை வெளியிலிருந்து ஆற அமரப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிரித்து உலர்த்தலாம் என்று யாராவது கிளம்பினால், எழுத்து பிளாஸ்டிக்கோடு போகும்.

"நம்ம பேட்டைக்கெல்லாம் வெள்ளம் வராது சார்" என்று சொல்லும் பெரியவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர் பேச்சைத் தட்டாதீர்கள். 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு ஊருக்குள் புகுந்தபோது, இப்போது உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். மரம் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை. 2020 அக்டோபர் 13 வேறு மாதிரி. பேகம்பேட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எத்தனையோ காலனிகளில் தரைத்தளம் முழுகியது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதற்கு விண்ணப்பிக்க நவம்பரில் மீசேவா என்னும் அரசுச் சேவை மையங்களின் வாசலில் மைல் கணக்கில் வரிசை. ஆதார் எண் சொல்ல வேண்டும், வங்கிக் கணக்கு எண் சொல்ல வேண்டும். தண்ணீரில் பறிகொடுத்ததை வைத்துத்தான் தண்ணீர் வந்ததைச் சொல்ல முடியும் என்ற நிலை. மாநகராட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததும் தேர்தல் ஆணையம் அந்த விநியோகத்தை நிறுத்திவைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு மிஞ்சியது கால் வலி.

நனைந்த பத்திரத்தை என்ன செய்வது? இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் கல் வைத்துக் காயப்போடுங்கள். காகிதம் அப்பளமாகிவிடும். நிழலில் மின்விசிறியைப் போட்டு, தாள்களுக்கு நடுவே உறிஞ்சும் வெள்ளைக் காகிதம் வைத்து, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பிரிப்பவர்களோடு சேராதீர்கள். இரண்டு நாளைக்குள் உலர்த்த முடியாத காகிதங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது என்று ஆவணக் காப்பகக்காரர்கள் சொல்கிறார்கள். தோசை மாவுக்கு மேல் தட்டில் கிரயப் பத்திரமா என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும், பத்திரம் பிழைக்கும்.

என் யோசனைகளை நம்பி நடப்பவர்கள் சில காரியங்களை மறந்தும் செய்துவிடக் கூடாது. 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கரில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அதில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று சட்ட விதியே இருக்கிறது, இருந்தால் நமக்கென்ன? பதிவு செய்த பத்திரத்தின் சான்றளித்த நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கலாம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்படி வழிவைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆவண எண்ணும் ஆண்டும் வேண்டும். அதை ஒரு தாளில் குறித்துத் தாம்பரத்தில் இருக்கும் தங்கையிடம் கொடுத்துவைக்கும் குறும்பு வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் சிறப்பு முகாம் போட்டு இழந்த ஆவணங்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தார்கள். அங்கேயும் பழைய எண்ணைக் கையில் வைத்திருந்தவர் வேலைதான் சட்டென்று முடிந்திருக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் பெட்டி தப்பிவிட்டதா? கவலை வேண்டாம், அடையாளத்தைத் தொலைக்கத் தண்ணீர்கூடத் தேவையில்லை. அசலைத் தொட விடாத நாம், நகலை வாரி வழங்குவதில் கர்ணன்கள். லாட்ஜுக்கு ஒன்று, சிம் கடைக்கு ஒன்று, ஜெராக்ஸ் கடையில் கறை பட்டதென்று விட்டு வந்தது ஒன்று. மழை பெய்தால் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஆதாரின் இரண்டு பக்கமும் ஏற்றிவிடுவோம், யாராவது நிவாரணம் வாங்கித் தருவார்கள் என்று. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் அதை மத்திய அரசு திரும்பப் பெற்றது. நல்ல புத்தி சொன்னால் இந்த நாட்டில் இரண்டு நாள் தாங்கும். மறைப்பு ஆதார் மட்டும் இன்றும் இணையதளத்தில் கிடைக்கிறது.

வெள்ளம் வடிந்த மறுநாள் ஒரு போன் வரும். "நிவாரணத் தொகை சாங்ஷன் ஆயிருக்கு சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க." குரலில் தேன் ஒழுகும். இங்கே மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன்: சொல்லாதீர்கள். எந்த அரசு அலுவலகமும் போனில் ஓடிபி கேட்டு நிவாரணம் கொடுப்பதில்லை. ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டும் வசதி இருக்கிறது. இன்று மாலையே பூட்டுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். பணம் போனது தெரிந்தால், அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.